லீவு கேட்டா எழுத்துல கேளுங்க: கடலோர வாசகர் கேள்விகளுக்கு அக்கா பதில்

மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்து நம்ம பகுதிக்கு வர்ற கேள்வியில நெறைய லீவு பத்தித்தான். மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம்னு எல்லாப் பக்கத்துல இருந்தும் எழுதிருக்கீங்க, ஆளுக்கு ஆள் வேலை வேற, முதலாளி வேற, ஆனா கேக்குறது ஒண்ணுதான், உழைச்சு சேத்த லீவை எப்படிக் கேட்டு வாங்குறதுன்னு. அதனால இந்தத் தடவை மத்த கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்குறேன். பேரு யாரும் போட வேண்டாம்னு கேட்டதால ஊர் மட்டும் போட்டுருக்கு.

மண்டபம் வாசகி: வணக்கம் அக்கா. எங்க ஊருப் பக்கத்துல ஒரு இறால் கம்பெனியில நாலு வருஷமா உரிக்கிற வேலை பாக்குறேன். காலையில வேன் வந்து ஏத்திட்டுப் போகும், பொழுது சாஞ்சுதான் கொண்டாந்து விடும். நாள் பூரா ஐஸ் தண்ணிக்குள்ளயே கை கிடக்கும், விரலெல்லாம் வெளுத்து ஊறிப் போயிரும். ஆவணியில என் தங்கச்சிக்குக் கல்யாணம், ஆறு நாள் லீவு கேட்டேன். "இப்பத்தான் சரக்கே வருது, சீசன்ல லீவெல்லாம் கிடையாது, வேணும்னா சம்பளம் இல்லாம போ, திரும்பி வர்றப்ப இடம் இருந்தா பாக்கலாம்"னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. கூட இருக்குற அக்காமாருக நம்ம காண்ட்ராக்ட் ஆளுக, அதுவும் கிலோ கணக்குக் கூலி, நமக்கு லீவே கிடையாதுங்குறாங்க. எனக்கு லீவு இருக்கா இல்லையா?

பதில்: இருக்கு தங்கச்சி. காண்ட்ராக்ட்னாலும் இருக்கு, கிலோ கணக்குக் கூலின்னாலும் இருக்கு. நாலு வருஷமா இதை யாருமே உங்ககிட்ட சொல்லலங்குறதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

கணக்கை மொதல்ல சொல்லிர்றேன். ரொம்ப காலமா 1948ஆம் வருஷத்து ஃபேக்டரி சட்டம்தான் இருந்துச்சு, அதுல ஒரு வருஷத்துக்கு 240 நாள் வேலை பாத்திருந்தாத்தான் சம்பளத்தோட லீவு. 2025 நவம்பர் 21ல இருந்து புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துருச்சு, அதுல அந்த 240 நாளை 180 நாளாக் குறைச்சுட்டாங்க. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடம்னா இது பொருந்தும், உங்க கம்பெனியில ஒரு வேன்லயே அதுக்கு மேல ஏத்திட்டுப் போவாங்க. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு. அதாவது வருஷத்துல 260 நாள் போயிருந்தீங்கன்னா 13 நாள். எடுக்காம விட்டது அடுத்த வருஷத்துக்கு வரும், 30 நாள் வரைக்கும் சேத்து வச்சுக்கலாம். நீங்க நாலு வருஷமா ஒரு நாள்கூட எடுக்கலன்னா ஆறு நாள் கேக்குறது ஒண்ணும் பெரிய விஷயமே கிடையாது.

நம்ம கடலோரத்துக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு, தடைக்காலம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, கம்பெனிக்கு சரக்கு கொறைஞ்சுரும், உங்களுக்கும் பாதி நாள் வேன் வராது. "நீ 180 நாளே முடிக்கல"ன்னு அதை வச்சுத்தான் சொல்லுவாங்க. கம்பெனி வேலை குடுக்க முடியாம லே-ஆஃப் விட்ட நாள் அந்த 180 நாள் கணக்குல சேரும், இதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. பிரசவ லீவும் சேரும், எடுத்த வருஷ லீவும் சேரும். ஆனா அந்த நாளுக்கு 20க்கு ஒண்ணுன்னு புதுசா லீவு ஏறாது. இன்னொண்ணும் பாருங்க, சில இடத்துல சரக்கு வராத நாளையெல்லாம் உங்க லீவுல கழிச்சு எழுதிட்டு, சீசன்ல போயிக் கேட்டா "உன் லீவு தீந்துபோச்சு"ங்குறாங்க. நீங்க கேக்காம உங்க லீவைக் கழிச்சிருந்தா விடாதீங்க, என்னைக்கு எழுதிக் குடுத்தேன், என் கையெழுத்து எங்கன்னு கேளுங்க.

இப்ப கேக்குறது எப்படின்னு வருவோம். நம்ம ஆளுக எல்லாரும் வாயாலதான் கேக்குறோம், வேன்ல ஏறுறப்ப, டீ குடிக்கிறப்ப, சூப்பர்வைசர் எந்த மூஞ்சியில இருக்காருன்னு பாத்து பாத்து. வாயால கேட்டதுக்கு வாயாலயே இல்லன்னு சொல்லிருவாங்க, அப்புறம் நீங்க கேட்டீங்கங்குறதுக்கே சாட்சி இருக்காது. பேப்பர்ல எழுதிக் குடுங்க. பழைய சட்டத்துல 15 நாள் முன்னாடி குடுக்கணும்னு இருந்துச்சு, அந்த வழக்கத்தை விட வேண்டாம், முடிஞ்சா ஒரு மாசம் முன்னாடியே குடுத்துருங்க, கல்யாணத் தேதி எப்படியும் முன்கூட்டியே தெரியுதுல்ல. இப்படி எழுதுனா போதும்:

"ஐயா, நான் தங்கள் நிறுவனத்தில் இறால் உரிக்கும் பிரிவில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். என் டோக்கன் எண் இது. என் தங்கையின் திருமணத்திற்காக இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஆறு நாட்கள், என் கணக்கில் உள்ள ஈட்டிய விடுப்பிலிருந்து சம்பளத்துடன் விடுப்பு வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வழங்க இயலாவிட்டால் அதற்கான காரணத்தை இந்த விண்ணப்பத்திலேயே எழுதித் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியை விட்டுறாதீங்க, இதுல முக்கியமே அதுதான். எழுதிக் கேட்டு அவங்க மறுத்த லீவுக்கு அந்த 30 நாள் உச்சவரம்பு கிடையாது, எவ்வளவு சேந்தாலும் அது உங்க கணக்குலயே நிக்கும்னு சட்டத்துல இருக்கு. அதனால மறுத்து எழுதுன பேப்பரும் உங்களுக்கு சொத்துதான், கிழிச்சுப் போட்டுறாதீங்க. ரெண்டு காப்பி எழுதுங்க, ஒண்ணைக் குடுத்துட்டு இன்னொண்ணுல தேதி போட்டு கையெழுத்து வாங்குங்க. கையெழுத்துப் போட மாட்டேன்னாங்கன்னா சண்டை வேண்டாம், வீட்டுக்கு வந்து அதே பேப்பரை கம்பெனி முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டுல அனுப்பிட்டு ரசீதைப் பத்திரமா வச்சுக்கங்க. காண்ட்ராக்ட்காரர் மூலமா போறதால அவருக்கு ஒண்ணு, கம்பெனிக்கு ஒண்ணு. கேக்கப் போறப்ப அந்த ஆறு நாளைக்கு உங்க டேபிளை யாரு பாத்துக்குவாங்கன்னு ஒரு பேரையும் சொல்லிருங்க, சூப்பர்வைசருக்கும் மேல ஒருத்தர் சரக்கு எங்கன்னு கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு, அவரு பயம் அது. நடுவுல ஞாயித்துக்கிழமை வந்தா அது லீவுல கழியாது, அதையும் எண்ணிப் பாத்துக்கங்க.

இவ்வளவுக்கும் அப்புறமும் இல்லன்னாங்கன்னா ராமநாதபுரத்துல தொழிலாளர் உதவி ஆணையர் ஆபீஸ் இருக்கு, அங்க மனுக் குடுங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர் கூட்டத்துலயும் குடுக்கலாம். வக்கீல் வேணும்னா பொம்பளைங்களுக்கு வருமானக் கணக்கே பாக்காம சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமா வச்சுக் குடுக்கும், 15100க்கு போன் போட்டா போதும். தனியா போக பயமா இருந்தா உங்க வேன்ல வர்ற நாலு பேரு சேந்து போங்க, அவங்களுக்கும் இதே லீவு பாக்கி இருக்கும். "திரும்பி வர்றப்ப இடம் இருந்தா"ன்னு சொன்னாருல்ல, முறையா எழுதிக் குடுத்து லீவுல போன ஆளை அதுக்காகவே நிறுத்துறது அவ்வளவு சுளுவு இல்ல, அதுக்கும் இதே பேப்பர்தான் கை குடுக்கும். தங்கச்சி கல்யாணத்துல அக்கா இல்லாம இருக்கக்கூடாது, எழுதிக் குடுத்துருங்க.

தொண்டி வாசகர்: அக்கா, நான் ராமநாதபுரத்துல ஒரு ஜவுளிக்கடையில சேல்ஸ்மேன், சேந்து மூணு வருஷம் ஆச்சு. ஓனர் எங்க அம்மா வழியில சொந்தம், மாமா முறை. அம்மாவுக்கு மதுரையில கண் ஆபரேஷன், நாலு நாள் லீவு கேட்டா "நீயே இப்படிக் கேட்டா மத்த பயலுக என்னென்ன கேப்பானுக"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு. ஆடி ஆஃபர் முடிஞ்சா தீபாவளி, தீபாவளி முடிஞ்சா பொங்கல், நடுவுல பெருநாள் வியாபாரம் வேற, எப்பத்தான் கேக்குறது? ரிஜிஸ்டர், நோட்டுன்னு எதுவும் கிடையாது, எல்லாமே வாட்ஸப் குரூப்புலதான். சொந்தக்காரர்ங்குறதால எழுதியும் குடுக்க முடியல.

பதில்: தம்பி, சொந்தக்காரர் கடையில வேலை பாக்குறவங்க கஷ்டம் தனி. வெளி ஆளுன்னா சம்பளத்தைப் பேசலாம், லீவைப் பேசலாம், மாமான்னா எதையும் வாய்விட்டுக் கேக்க முடியாது, கேட்டா அது அம்மா காதுக்குப் போயி, அத்தை காதுக்குப் போயி, கடைசியில விசேஷ வீட்டுல வந்து நிக்கும். ஆனா முறை என்ன முறையா இருந்தாலும் கடை கடைதான், அதுக்கு சட்டம் இருக்கு.

1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல 25ஆம் பிரிவு. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பாத்துட்டா அடுத்த வருஷத்துல 12 நாள் சம்பளத்தோட விடுமுறை, எடுக்கலன்னா 24 நாள் வரைக்கும் சேத்து வச்சுக்கலாம். இது தவிர உடம்பு சரியில்லன்னா 12 நாள் வரைக்கும், நியாயமான காரணம் எதுக்கா இருந்தாலும் 12 நாள் வரைக்கும் தற்செயல் விடுப்பு, இது ரெண்டும் சேந்த மொத வருஷத்துல இருந்தே உண்டு. பெத்த தாயிக்குக் கண் ஆபரேஷன்ங்குறதை விட நியாயமான காரணம் என்ன இருக்கு? அதனால உங்க நாலு நாளை தற்செயல் விடுப்பாவே கேளுங்க, அந்த 12 நாள் வருஷ லீவு தனியா அப்படியே இருக்கட்டும்.

ரிஜிஸ்டர் இல்லன்னு கவலைப்படாதீங்க, வாட்ஸப்பும் எழுத்துதான். குரூப்புல போடாதீங்க, நாலு பேரு முன்னாடி கேட்டா அவருக்கு விட்டுக்குடுக்க மனசு வராது, அவரு நம்பருக்குத் தனியா போடுங்க. மனு மாதிரி எல்லாம் எழுத வேண்டாம், நீங்க பேசுற மாதிரியே எழுதுங்க, ஆனா தேதியும் நாளும் காரணமும் தெளிவா இருக்கணும். "மாமா, அம்மாவுக்கு 12ஆம் தேதி மதுரையில கண் ஆபரேஷன். 11ல இருந்து 14 வரைக்கும் நாலு நாள் தற்செயல் லீவு வேணும். சட்டை செக்‌ஷனை அந்த நாலு நாளும் பாத்துக்குறேன்னு பக்கத்து செக்‌ஷன் தம்பி சொல்லிட்டான். 15ஆம் தேதி காலையில கடை திறக்குறப்ப வந்துருவேன். சரின்னா ஒரு வார்த்தை போடுங்க மாமா." இதுல மரியாதைக்கும் குறைச்சல் இல்ல, கணக்குக்கும் குறைச்சல் இல்ல. அவரு நேர்ல "சரி போயிட்டு வா"ன்னு சொன்னா, அன்னைக்கு ராத்திரியே "நீங்க சொன்ன மாதிரி 11ல இருந்து 14 வரைக்கும் லீவு எடுத்துக்குறேன் மாமா"ன்னு ஒரு மெசேஜ் போட்டு வச்சுருங்க. நேர்ல இல்லன்னு சொன்னாலும் அதையும் மரியாதையா எழுதி அனுப்பிருங்க. போனை மாத்துறப்ப இந்த சாட்டை அழிய விட்டுறாதீங்க.

எப்பக் கேக்குறதுன்னு கேட்டீங்க. ஆபரேஷனுக்கு நாள் பாத்துக் கேக்க முடியாது, அது வந்தா வந்ததுதான். ஆனா அந்த 12 நாள் வருஷ லீவு இருக்கே, அதை தீபாவளிக்கு முந்தின மூணு வாரத்துலயும் பெருநாளைக்கு முந்தின ராத்திரி வியாபாரத்துலயும் போயிக் கேக்காதீங்க, ஜவுளிக்கடைக்கு வருஷத்துச் சோறே அந்த நாள்லதான். பொங்கல் முடிஞ்சு தை கடைசி, மாசி, அந்த மாதிரி கடை காத்தாடுற சமயம் பாத்து, வருஷ ஆரம்பத்துலயே "மாமா எனக்கு இந்த வருஷ லீவு இந்த வாரம்"னு சொல்லி வச்சுட்டீங்கன்னா பாதி சண்டை வராது. நீங்க எழுதிக் கேட்டும் அவரு முடியாதுன்னு மறுத்து, நீங்க வேலையை விட்டு நின்னாலும் அந்த விடுமுறைக்கான காசை அவரு குடுத்தாகணும், அதுவும் அதே 25ஆம் பிரிவுலயே இருக்கு.

பக்கத்து செக்‌ஷன்ல நிக்கிற பொண்ணுங்ககிட்டயும் ஒண்ணு சொல்லுங்க, கடையில வேலை பாக்குறவங்க உக்கார இருக்கை போடணும்னு 2021லயே தமிழ்நாட்டுல சட்டத் திருத்தம் வந்துருச்சு. நாள் பூரா கால் வீங்க நிக்கணும்னு ஒரு அவசியமும் இல்ல.

கீழக்கரை வாசகி: அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. எங்க மாப்பிள்ளை துபாயில ஒரு சூப்பர்மார்க்கெட்டுல வேலை பாக்குறாக. போயி மூணு வருஷம் முடியப் போகுது, ஒரு தடவைகூட ஊருக்கு வரல. பிள்ளைக்கு ரெண்டரை வயசு, வாப்பாவை வீடியோ கால்லதான் பாத்துருக்கு, போனைக் காட்டுனா வாப்பாங்குது. ஒவ்வொரு தடவையும் "ஆள் இல்ல, அடுத்த பெருநாளைக்குப் பாக்கலாம்"னு மேனேஜர் சொல்றாராம். பாஸ்போர்ட்டும் கம்பெனியிலதான் இருக்காம். கேட்டா வேலை போயிருமோன்னு அவுக பயப்படுறாக. அங்கெல்லாம் லீவுக்கு சட்டம் இருக்கா?

பதில்: வ அலைக்கும் ஸலாம். சட்டம் இருக்கும்மா, நம்ம ஊரை விடவே அந்த விஷயத்துல தெளிவா இருக்கு. உங்க பிள்ளை விஷயத்தைப் படிச்சுட்டு எனக்கு மனசு கேக்கல, அதனால விவரமாவே சொல்றேன், அவுகளுக்கு அப்படியே அனுப்பி விடுங்க.

அமீரகத்துல 2021ஆம் வருஷத்து 33ஆம் நம்பர் தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரி 2ல இருந்து நடைமுறையில இருக்கு. ஒரு வருஷம் முடிச்சவங்களுக்கு வருஷத்துக்கு 30 நாள் சம்பளத்தோட லீவு. எந்தத் தேதியில போகணும்னு முடிவு பண்ற உரிமை கம்பெனிக்கு உண்டு, அது உண்மைதான், ஆனா ஒரு மாசம் முன்னாடியே தேதியைச் சொல்லணும். தேதியைத் தள்ளலாம், ஆனா தள்ளிக்கிட்டே இருக்க முடியாது. ஆளாப் பாத்து லீவைச் சேத்து வச்சுக்குறேன்னோ காசா வாங்கிக்குறேன்னோ சொன்னாத்தவிர, ரெண்டு வருஷத்துக்கு மேல லீவு எடுக்க விடாம வச்சுருக்கக் கூடாதுன்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. மூணு வருஷம்ங்குறது அதையும் தாண்டிப் போச்சு.

மொதல்ல மேனேஜர்கிட்ட வாயால கேக்குறதை நிறுத்தச் சொல்லுங்க. கம்பெனி ஹெச்.ஆருக்கு ஈமெயில், ஈமெயில் இல்லன்னா வாட்ஸப், எந்தத் தேதியில சேந்தேன், இதுவரைக்கும் லீவு எடுக்கல, இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் வேணும், அந்தத் தேதி ஒத்து வரலன்னா உங்களுக்கு ஒத்து வர்ற தேதியை எழுத்துல குடுங்கன்னு நாலே வரி. சண்டை பிடிக்கிற தொனியே வேண்டாம். சூப்பர்மார்க்கெட்டுல நோன்பு மாசமும் பெருநாளும் கூட்டம் நெரியுற நேரம், அப்பவே கேட்டா "இல்ல"ங்குறது அவங்களுக்கு லேசு, அது கழிஞ்சு வர்ற மாசத்தைக் கேக்கச் சொல்லுங்க. பதிலே வரலன்னா அங்க தொழிலாளர் அமைச்சகத்தோட ஆப்ல புகார் பதியலாம். பாஸ்போர்ட்டை கம்பெனி பிடிச்சு வச்சுக்கக் கூடாது, அது அங்கேயும் தப்பு, அதுக்கு இந்தியத் துணைத் தூதரகத்துல உதவி கேக்கலாம், நீங்க ஊர்ல இருந்தே இந்திய வெளியுறவுத்துறையோட மதத் (MADAD)ங்குற இணையதளத்துல அவுக பேர்ல புகார் போடலாம்.

டிக்கெட் காசு கம்பெனி குடுக்குமாங்குறது அவுக கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல இருக்குறதைப் பொறுத்தது, அதை எடுத்துப் படிச்சுப் பாக்கச் சொல்லுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி லீவு சம்பளம் கைக்கு வந்துருச்சான்னு பாத்துக்கணும். வந்த இடத்துல ஆறு மாசத்தைத் தாண்டி உக்காந்துட்டா விசா போயிரும், அதுவும் கவனம்.

சவூதியில இருக்குறவங்களும் எழுதிருந்தீங்க, அங்க வருஷத்துக்கு 21 நாள், ஒரே முதலாளிகிட்ட தொடர்ந்து அஞ்சு வருஷம் ஆனா 30 நாள், லீவுக்குப் போறதுக்கு முன்னாடியே அந்த லீவு சம்பளத்தைக் குடுக்கணும். எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா, அதான் வெளிய போயிட்டுத் திரும்பி வர்றதுக்கான அனுமதி, அதை அடிக்காம கிளம்பிறாதீங்க. கத்தார்ல அஞ்சு வருஷம் ஆகாதவங்களுக்கு மூணு வாரம், ஆனவங்களுக்கு நாலு வாரம்.

பாம்பன் வாசகர்: நான் ஒரு ஐஸ் கம்பெனி வச்சு நடத்துறேன்மா. நீங்க எப்பவும் வேலை பாக்குறவங்க பக்கமே பேசுறீங்க, எங்க பாட்டையும் கேளுங்க. அந்தோணியார் கோயில் கொடியேத்தம்னா ஒரே நாள்ல பாதிப் பேரு லீவு கேக்குறான், போட்டு ஐஸுக்கு வரிசையில நிக்குது. எல்லாருக்கும் குடுத்தா நான் மிஷினை அமத்திட்டுப் போக வேண்டியதுதான். என்னதான் பண்றது?

பதில்: அண்ணே, நீங்க எழுதுனதுக்கு நன்றி, நெசமாவே. லீவு குடுக்க மனசு இல்லாதவங்க இப்படி எழுதவே மாட்டாங்க. ஒரே நாள்ல எல்லாருக்கும் குடுத்தே ஆகணும்னு எந்தச் சட்டமும் சொல்லல, பழைய ஃபேக்டரி சட்டத்துலயே முதலாளியும் தொழிலாளியும் ஒத்துப் பேசி லீவுக்குத் திட்டம் போட்டு வச்சுக்கலாம்னு இருந்துச்சு. ஜனவரி மாசமே ஒரு நாள் எல்லாரையும் உக்கார வச்சு, வருஷத்துல எந்தெந்த நாள் கூட்டமா கேப்பாங்கன்னு நீங்களே எழுதிருங்க, திருவிழா, ஈஸ்டர், கிறிஸ்மஸ், தீபாவளி, கச்சத்தீவு திருவிழா. இந்த வருஷம் கொடியேத்தத்துக்குப் போறவங்க அடுத்த வருஷம் நின்னு பாக்கணும், இந்த வருஷம் நிக்கிறவங்களுக்கு தேர் பவனி அன்னைக்கு லீவுன்னு சுத்து முறை போடுங்க. அந்த லிஸ்டை மிஷின் ரூம் செவத்துலயே ஒட்டுங்க, எல்லாரு கண்ணுலயும் படணும். யாரு மாமன் மச்சான்னு பாத்து லிஸ்டை மாத்துனீங்கன்னா மறுநாளே அதை யாரும் மதிக்க மாட்டாங்க.

தடைக்காலத்துல உங்களுக்கும் ஓட்டம் கம்மி, அந்த 61 நாள்ல லீவு எடுத்துக்கங்கப்பான்னு கேட்டுப் பாருங்க, பிள்ளைகளுக்கும் ஸ்கூல் லீவுங்குறதால நெறைய பேரு சந்தோசமா ஒத்துக்குவாங்க. ஆனா கேட்டுத்தான் கழிக்கணும், மொத்த லீவையும் அதுலயே கழிச்சுட்டு நல்லது கெட்டதுக்கு ஒரு நாளும் இல்லாம பண்ணிறாதீங்க. வீட்டுல சாவு, ஆஸ்பத்திரின்னு வந்தா அங்க லிஸ்டெல்லாம் பாக்கக் கூடாதுண்ணே. உங்க ஆளுக்கு அம்மோனியா வால்வு கைப்பழக்கம் உண்டு, அவனை விட்டா இன்னொருத்தனைப் பழக்க எத்தனை மாசம் ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

இனி சின்னக் கேள்விகள்.

ராமேஸ்வரம்: விசைப்படகுல பங்குக்குப் போறேன். எனக்கு சம்பளத்தோட லீவு உண்டா?

பங்கு முறையில போற கடல் தொழிலுக்கு இந்த வருஷ லீவு கணக்கு வர்றதில்ல தம்பி, கடலுக்குப் போனாத்தான் பங்கு. அதை உங்ககிட்ட மறைச்சுச் சொல்ல எனக்கு மனசு இல்ல. தடைக்காலத்துக்கு அரசு குடுக்குற நிவாரணம்தான் உங்களுக்கு இருக்கு, குடும்பத்துக்கு 5,000 ரூபாயா இருந்ததை 8,000 ஆக்குறோம்னு 2023 ஆகஸ்ட்ல நம்ம மண்டபத்துல நடந்த மீனவர் மாநாட்டுலதான் முதலமைச்சர் அறிவிச்சாரு. உங்க பேரு அந்தப் பட்டியல்ல இருக்கான்னு மீன்வளத்துறை ஆபீஸ்ல பாத்துக்கங்க. மீனவர் நல வாரியத்துல பதிவு பண்ணலன்னா உடனே பண்ணிருங்க.

ஏர்வாடி: காய்ச்சல்ல ஒரு வாரம் படுத்துட்டேன், கம்பெனியில அதை வருஷ லீவுல கழிச்சுட்டாங்க. சரியா?

சம்பளத்துல ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களான்னு சிலிப்பை எடுத்துப் பாருங்க. பிடிச்சா நோய்க்காலத்துக்கு கூலியில 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் ஈ.எஸ்.ஐ.யே குடுக்கும், டாக்டர் சர்ட்டிபிகேட்டை அங்க குடுக்கணும். உங்க வருஷ லீவைத் தொடவே வேண்டியதில்ல. கழிச்சதைத் திருப்பிச் சேக்கச் சொல்லி எழுதிக் குடுங்க.

சாயல்குடி: மே 1ஆம் தேதி வேலைக்கு வரச் சொன்னாங்க, தனியா எதுவும் குடுக்கல.

தமிழ்நாட்டுல 1958ஆம் வருஷத்துச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இதோட அஞ்சு பண்டிகை நாள், ஆக மொத்தம் 9 நாள் சம்பளத்தோட விடுமுறை. அன்னைக்கு வேலை வாங்குனா ரெட்டைச் சம்பளம் குடுக்கணும், இல்லன்னா அன்னைக்குச் சம்பளமும் குடுத்து வேற ஒரு நாள் சம்பளத்தோட லீவும் விடணும். இந்த 9 நாளும் உங்க வருஷ லீவுல சேராது, அது வேற இது வேற.

திருப்புல்லாணி: அரசு ஆபீஸ்ல வேலை. லீவு சரண்டர் திரும்ப வந்துருச்சா?

வந்துருச்சு. 2020ல கொரோனா சமயத்துல நிறுத்துனதை 2025 அக்டோபர் 1ல இருந்து திரும்பக் குடுத்துட்டாங்க, 15 நாள் வரைக்கும் சரண்டர் பண்ணிக் காசா வாங்கலாம். உங்க தேதி எப்ப வருதுன்னு ஆபீஸ்ல கேட்டுக்கங்க.

தேவிபட்டினம்: வேற வேலை கிடைச்சுருச்சு, இந்தக் கம்பெனியில இருந்து நிக்கப் போறேன். 18 நாள் லீவு பாக்கி இருக்கு, "நீயா நிக்கிற, அதனால காசு கிடையாது"ங்குறாங்க.

நீங்களா நின்னாலும் அவங்க நிறுத்துனாலும் பாக்கி லீவுக்குக் காசு உண்டு. புதுச் சட்டப்படி வேலையை விட்ட ரெண்டு வேலை நாளைக்குள்ள சம்பள பாக்கியைத் தீக்கணும், லீவுக் காசும் அதோட வரணும். ராஜினாமாக் கடுதாசியிலயே "என் கணக்கில் உள்ள 18 நாள் ஈட்டிய விடுப்புக்கான தொகையையும் சேர்த்து வழங்கவும்"னு ஒரு வரி எழுதிருங்க, லீவு பேலன்ஸ் காட்டுற சிலிப்பையோ ஆப் பக்கத்தையோ போட்டோ எடுத்து வச்சுக்கங்க, கடைசி நாளைக்கு அப்புறம் அந்த ஆப் உங்களுக்குத் திறக்காது.